ஆதிதிராவிடர் நலப் பள்ளி: பலகையை இறக்குவதற்கு முன்

திண்டுக்கல், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று இந்தச் சமவெளியில் சுற்றியிருக்கும் தோழர்கள் இரண்டு வகைப் பள்ளிப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று ‘அரசு ஆதிதிராவிடர் நல உயர்நிலைப் பள்ளி’. இன்னொன்று ‘அரசு கள்ளர் உயர்நிலைப் பள்ளி’. இரண்டும் அரசுப் பள்ளிதான். பாடநூல் ஒன்று, பத்தாம் வகுப்புத் தேர்வும் ஒன்று. பிறகு ஏன் இரண்டு பலகை? பெரும்பாலான நலப் பள்ளிகள் ஏன் ஊர் முடிந்து காலனி தொடங்கும் இடத்தில் நிற்கின்றன?

‘சாதிப் பெயரில் பள்ளி எதற்கு’ என்று இன்று கேட்கிறவர்களுக்கு இந்த வரலாறு தெரிவதில்லை. தனிப் பள்ளி நம் முன்னோர் ஆசைப்பட்டுக் கேட்டதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் இருந்தன. சேரிக் குழந்தையால் அந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாது. அப்புறம் எங்கே வகுப்புக்குள் போவது? பொதுப்பள்ளியில் யாரையும் சாதி சொல்லி மறுக்கக் கூடாது என்று 1919-லேயே சென்னை மாகாண அரசு உத்தரவு போட்டது. உத்தரவைக் காகிதத்தில் வைத்துவிட்டு, 1920-இல் தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உண்டாக்கி, அந்தத் துறை மூலம் நமக்கென்று தனியாகப் பள்ளி, கிணறு, மனை என்று கொடுக்கத் தொடங்கியது. ஊர்ப் பள்ளியின் கதவைத் திறக்க வைப்பதைவிட சேரியில் ஒரு கொட்டகை போடுவது அரசுக்குச் சுலபமாக இருந்தது என்பதே நம் வாசிப்பு. அதற்காக அந்தக் கொட்டகையை நாம் குறைத்துப் பேச முடியாது. நம் குடும்பங்களில் முதல் கையெழுத்துப் போட்டவர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தாம்.

சட்டசபைக்குள்ளும் போராட்டம் நடந்தது. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று பதிவு செய்ய வைத்தவர் எம்.சி.ராஜா. ஆண்டு 1922. பொதுச்சாலை, பொதுக்கிணறு, அரசு அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஆக, பலகையில் இருக்கும் ‘ஆதிதிராவிடர்’ என்ற சொல் யாரோ நமக்கு ஒட்டிவிட்ட முத்திரை அல்ல. நாமே கேட்டு வாங்கிய பெயர். (ஒட்டப்பட்ட பெயர் வேறு: சுதந்திரத்துக்குப் பின் இதே துறை ‘அரிசன நலத்துறை’ என்று பல ஆண்டுகள் நடந்தது.)

அடுத்த பலகையின் கதை வேறு. பிரமலைக் கள்ளர்கள் மீது குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. அதன் பிறகு ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில் பள்ளிகள் வந்தன. இன்றும் அவை மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன. ஊர் விலக்கியவர்களுக்கு ஒரு பள்ளி, அரசு குற்றவாளி என்று எழுதியவர்களுக்கு ஒரு பள்ளி. இரண்டும் ஒரே காலத்தில் பிறந்தவை. இந்த இரண்டு பள்ளிகளில் படித்த பிள்ளைகள் தங்கள் பள்ளிகளின் வரலாற்றைச் சேர்ந்து உட்கார்ந்து பேசியதே இல்லை என்பது நம் இயக்கங்களின் குறை என்றே நினைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 1,138. அதில் தொடக்கப் பள்ளி 833, நடுநிலை 99, உயர்நிலை 108, மேல்நிலை 98. நான்கு தொடக்கப் பள்ளிக்கு ஒன்று என்ற அளவில்தான் பத்தாம் வகுப்பு வரை இருக்கிறது. மீதிப் பிள்ளைகள் பத்து வயதிலேயே ஊர்ப் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரி காட்டியது. சக மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள்.

அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் அதையே சொன்னது. அதற்கு முன்பே, 2023 பட்ஜெட்டில், எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அரசு அறிவித்திருந்தது.

நம்மில் சிலர் இதை வரவேற்கிறார்கள், சிலர் எதிர்க்கிறார்கள். மாற்றுச் சான்றிதழைப் பார்த்தவுடனே பிள்ளையின் சாதி தெரிகிறது என்ற வாதத்தை நாம் தள்ளிவிட முடியாது. பெயர் போகட்டும். ஆனால் பெயரோடு சேர்த்து எது எது போகிறது? பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் மாறும்? துணைத்திட்ட நிதி எங்கே கணக்கு வைக்கப்படும்? ‘மாணவர் எண்ணிக்கை குறைவு’ என்று காலனிப் பள்ளியைப் பூட்டினால், ஊர்ப் பள்ளியில் நம் பிள்ளை எந்த வரிசையில் உட்காரும்?

திண்டுக்கல் மாவட்டத் தோழர்கள் ஆளுக்கொரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய ஆண்டு, நிலத்தின் சர்வே எண், யாரிடமிருந்து கையகப்படுத்தப்பட்டது, இன்றைய மாணவர் எண்ணிக்கை, காலிப் பணியிடம். இந்த ஐந்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூடவே, அந்தப் பள்ளியில் முதலில் படித்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதைப் பலகை மாறுவதற்கு முன் செய்யுங்கள்.