இடைவெளியில் வளர்ந்த கதை

ஒரு கதையை ஆதியோடந்தமாக ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறவனுக்கும், பாதியில் நிறுத்தப்பட்டு மூன்று வருஷம் காத்திருக்கிறவனுக்கும் உள்ள பேதம் பெரிது. முன்னவன் கேட்பதோடு நின்றுவிடுகிறான். பின்னவனோ காத்திருக்கும் காலமெல்லாம் அந்தக் கதையைத் தன் மனத்துக்குள் தானே நடத்திச் செல்கிறான். மாண்டவன் உண்மையில் மாண்டானா, பகைவன் சொன்னது மெய்யா, பிரிந்தவர் கூடுவாரா என்று தனக்குத்தானே வழக்காடித் தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறான். ஆகவே கதையின் அடுத்த பாகம் வந்து சேரும்போது, அவன் மனத்திலே ஏற்கெனவே ஒரு கதை குடியேறியிருக்கிறது. அமெரிக்காவில் 1977-ஆம் வருஷம் தொடங்கி 2019 வரையில் ஒன்பது பிரதான பாகங்களாக வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிப் படத் தொடரை அதன் அபிமானிகள் ஒவ்வொரு முறையும் எவ்விதம் வரவேற்றார்கள் என்ற சரித்திரத்தை ஆராய்கிறவர்கள், பெரும்பாலும் படங்களின் குணதோஷங்களையே நிறுத்துப் பார்க்கிறார்கள். படங்களுக்கு நடுவே கிடந்த இடைவெளிகளைப் பார்த்தால்தான் அந்தச் சரித்திரம் ஒழுங்காக விளங்குகிறது என்பது என் துணிபு.

தவணை முறையில் கதை சொல்லி ஜனங்களைக் காக்கவைக்கும் வழக்கம் இதற்கு வெகு காலம் முந்தியது. 1893-ல் கானன் டாயில் தம் துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸை ஒரு பத்திரிகைக் கதையில் அருவியில் வீழ்த்தி முடித்தபோது, வாசகர்கள் எழுப்பிய கண்டனம் அவரைப் பல வருஷம் துரத்தி, முடிவில் அந்தப் பாத்திரத்தை அவரே மீண்டும் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தும்படி ஆயிற்று. சினிமாவிலும் 1936, 1938, 1940 ஆகிய வருஷங்களில் வந்த ‘ஃப்ளாஷ் கார்டன்’ தொடர்ப்படங்கள், கதாநாயகனை ஆபத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த வாரம் வந்து காணுங்கள் என்று சிறுவர்களை வீட்டுக்கு அனுப்பிவந்தன. 1944-ல் கலிபோர்னியா மாநிலத்து மொடஸ்டோ நகரில் பிறந்த ஜார்ஜ் லூகாஸ், அந்தப் பழைய தொடர்களைத் தொலைக்காட்சியில் கண்டு வளர்ந்தவர். ஃப்ளாஷ் கார்டன் கதையையே புதிதாகப் படமாக்க விரும்பி, அதன் உரிமை கிடைக்காமற் போகவே, தமக்கென்று ஒரு பிரபஞ்சத்தைச் சிருஷ்டித்துக்கொண்டார். படத்தின் தொடக்கத்தில், முன்கதை எழுத்துக்களாகத் திரையில் ஊர்ந்து மேலேறி மறைகிறதே, அது அந்தத் தொடர்ப்படங்களின் நேர்வாரிசு.

1977 மே மாதம் 25-ஆம் தேதி புதன்கிழமை, முப்பத்திரண்டு தியேட்டர்களில் மட்டுமே அந்தப் படம் வெளியாயிற்று. அதை வெளியிட்ட ஃபாக்ஸ் நிறுவனத்தாருக்கே அதன்மீது பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. அன்று லூகாஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலையாக இருந்துவிட்டு, ஹாலிவுட் வீதியில் ஓர் உணவு விடுதிக்கு மனைவியோடு சென்றார். எதிரே, 1927-ல் திறக்கப்பட்ட பிரசித்தி பெற்ற சைனீஸ் தியேட்டரின் முன்னால் ஜனத்திரள் வீதியை அடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். என்ன கூட்டம் இது என்று வியந்த பிறகுதான், அங்கே ஓடுவது தம் படம் என்பதும், வெளியாகும் நாள் அன்றே என்பதும் அவருக்கு நினைவு வந்தன. முன்பே செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்தத் தியேட்டர் சில வாரங்களில் வேறொரு படத்துக்கு இடம் கொடுக்க நேர்ந்தது. ஆனால் ஆகஸ்டு 3-ஆம் தேதி ‘ஸ்டார் வார்ஸ்’ அங்கே திரும்பி வந்தது. அன்று அந்த வாசலின் ஈரச் சிமெண்டில், நட்சத்திர நடிகர்கள் பதிக்கும் முறைப்படியே, அதன் இரண்டு இயந்திர மனிதர்களும் கரிய கவசம் பூண்ட டார்த் வேடரும் பாதம் பதித்தார்கள்.

வீட்டில் வைத்து மீண்டும் பார்ப்பதற்கு ஒளிநாடா பரவாத காலம் அது. படத்தை மறுபடி காண வேண்டுமானால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஞாபகமே திரை. ஆகவே இளைஞர்கள் பத்து முறை, இருபது முறை என்று பார்த்தார்கள். நாவலையும் சித்திரக்கதையையும் வாங்கிப் படித்தார்கள். பொம்மை செய்யும் கென்னர் நிறுவனம் இந்த ஆர்வத்தை எதிர்பார்க்காததால், அவ்வருஷக் கிறிஸ்துமஸுக்குள் அதனால் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. எனவே ஓர் அட்டை உறையை விற்பனைக்கு அனுப்பியது. அதற்குள்ளே சில ஒட்டுப்படங்களும், பொம்மைகளை நிறுத்திவைப்பதற்கான அட்டை மேடையும், ஒரு சான்றிதழும் இருந்தன. அந்தச் சான்றிதழைத் தபாலில் அனுப்பினால், பிறக்கும் வருஷத்தில் படத்தின் பாத்திரங்களான லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு பொம்மைகள் வீடு வந்து சேரும் என்பது ஏற்பாடு. கிறிஸ்துமஸ் காலையில் அந்த உறையைப் பிரித்த பிள்ளைகள், பொம்மை நிற்க வேண்டிய வெறும் மேடையை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காலி மேடையில் அவர்கள் எத்தனை யுத்தங்களை நடத்தியிருப்பார்கள்! ரசிகனின் கற்பனை எங்கே வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இந்தச் சரித்திரத்தில் இல்லை.

மூன்று வருஷம் கழித்து, 1980 மே 21-ஆம் தேதி, இர்வின் கெர்ஷ்னரின் டைரக்ஷனில் இரண்டாம் படம் வந்தது. கொடியவனான வேடர் தானே கதாநாயகன் லூக்கின் தகப்பன் என்று வெளியிடும் இடத்தை எவரும் முன்கூட்டி அறிந்துவிடக் கூடாது என்பதற்காக, படப்பிடிப்பில் கவசத்துக்குள் இருந்த நடிகருக்கு வேறொரு பொய் வசனத்தைக் கொடுத்துப் பேசவைத்தார்கள். உண்மை வசனத்தை ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் பிற்பாடு சேர்த்தார்கள். கதாநாயகன் தோற்று, தோழன் ஹான் சோலோ உறைந்து, கேள்விகளுக்கு விடை கிடைக்காமலே படம் முடிந்தது. கதையை நடுவிலே நிறுத்திவிட்டார்களே என்று சில விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். அபிமானிகளோ இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வேடர் சொன்னது பொய் என்று ஒரு கட்சி, மெய் என்று ஒரு கட்சி. பள்ளிக்கூட மைதானங்களிலும் விஞ்ஞானப் புனைகதைப் பத்திரிகைகளின் கடிதப் பகுதிகளிலும் இந்த வழக்கு மூன்று வருஷம் நடந்தது. தீர்ப்புக் கிடைக்க 1983 மே 25 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்றாம் படத்திற்கு முதலில் ‘பழிவாங்கல்’ என்ற பொருளில் பெயரிட்டு விளம்பரத் தாள்களும் அச்சிட்டாகிவிட்டன; பழிவாங்குதல் கதையில் வரும் ஜெடாய் வீரர்களின் தர்மத்துக்கு ஒவ்வாது என்று கருதிப் பின்னர் ‘திரும்பி வருதல்’ என்று மாற்றினார்கள். அதில் வந்த கரடிக்குட்டி போன்ற ஈவாக்குகளைக் குழந்தைத்தனம் என்று வளர்ந்த பிள்ளைகள் முகஞ்சுளித்தார்கள். எனினும் மூன்று வருஷ இடைவெளியில் எழுந்த கற்பனை இன்னும் இளங்கன்றாகவே இருந்தபடியால், வந்த விடையை அது மன நிறைவோடு ஏற்றுக்கொண்டது.

அதன் பிறகு விழுந்தது பதினாறு வருஷ இடைவெளி. படம் இல்லாத இந்தக் காலமே அபிமானிகளின் பொற்காலம் என்பேன். அவர்கள் தாமே கதைகள் எழுதி, படிபெருக்கி, சிறு பத்திரிகைகளாகத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். 1991-ல் டிமதி ஜான் எழுதிய தொடர்ச்சி நாவல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது; அதைப் பின்பற்றி எத்தனையோ நாவல்கள் பிரசுரமாயின; லூக்கும் அவன் தோழர்களும் அவற்றில் மணந்தார்கள், மக்களைப் பெற்றார்கள், மூப்படைந்தார்கள். 1997-ல், படத்தில் வரும் வெண்கவச வீரர்களின் உடையைத் தாமே தைத்தும் வார்த்தும் அணிந்துகொண்ட அபிமானிகள் 501-ஆம் படையணி என்ற சங்கத்தை அமைத்து, அந்தக் கோலத்தோடே மருத்துவமனைக் குழந்தைகளைக் கண்டு மகிழ்வித்து, தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டலானார்கள். அதே வருஷம் லூகாஸ் தம் பழைய படங்களைத் திருத்திப் புதுப்பித்து வெளியிட்டார். 1977-ல் மதுச்சாலை மேஜைக்குப் பின்னால் இருந்துகொண்டு தானே முந்திச் சுட்ட ஹான் சோலோ, திருத்திய பிரதியில் எதிரி சுட்ட பிற்பாடு சுடுபவனாக மாறியிருந்தான். ஒரு கணநேர மாற்றம். ஆனால் அதைக் கண்டு எழுந்த ஆக்ரோஷம் இன்றுவரை அடங்கவில்லை. கர்த்தாவே கைவைத்தாலும் பொறுக்கமாட்டோம் என்று ரசிகர்கள் சொன்ன முதல் சந்தர்ப்பம் அது. கதையின் பாத்தியதை யாருடையது என்ற விவாதம் அங்கேதான் பிறந்தது.

1998 நவம்பரில் அடுத்த படத்தின், அதாவது பழைய கதைக்கு முந்திய காலத்தைச் சொல்லும் முற்படங்களுள் முதலாவதின், முன்னோட்டம் வெளியாயிற்று. அந்த இரண்டு நிமிஷக் காட்சியைப் பார்ப்பதற்காகவே வேறு படத்துக்கு முழு டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, முன்னோட்டம் முடிந்தவுடன் எழுந்துபோனவர்கள் உண்டு. 1999 ஏப்ரல் முதல் வாரத்தில், படம் வருவதற்கு ஆறு வாரம் முன்னதாகவே, சைனீஸ் தியேட்டர் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். முறைவைத்து மாறி மாறி நடைபாதையில் நின்றும் படுத்தும் இரவு பகல் கழித்து, அந்த நிற்றலையே ஒரு விரதம் போலாக்கி, நோயுற்ற குழந்தைகளுக்கான தர்ம நிதிக்கும் பணம் சேர்த்தார்கள். மே 19-ஆம் தேதி பிறந்த நள்ளிரவில் திரை விலகிற்று.

பதினாறு வருஷம் மனத்துக்குள் வளர்ந்த கதைக்கு எந்தப் படம் ஈடாகும்? கொட்டகைக்குள் ஆரவாரித்தவர்கள் வெளியே வந்து நாட்கணக்கில் யோசித்தபின் ஏமாற்றத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். ஜெடாய் வீரர்களிடம் இதுவரை ஆத்மிகமாக இருந்த ‘சக்தி’யை இரத்தத்தில் அளக்கும் நுண்ணுயிராக்கிவிட்டார்களே என்று ஒரு குறை. வர்த்தக வரியைப் பற்றிய சச்சரவில் கதை தொடங்குகிறதே என்று ஒரு குறை. எல்லாவற்றுக்கும் மேலாக, கணினியால் முழுவதும் உருவாக்கப்பட்ட ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தின்மேல் தாங்கொணாத வெறுப்பு. ஒருவர் அந்தப் படத்தைத் தாமே வெட்டித் திருத்தி, கோமாளியின் காட்சிகளைக் குறைத்த பிரதியொன்றைச் சுற்றுக்கு விட்டார். ரசிகன் ஆசிரியனுக்குப் போட்டியாளனாகிவிட்டான் என்பதற்கு அதுவே சாசனம். இவையெல்லாம் கலையைப் பற்றிய வழக்கு, இவற்றில் குற்றமில்லை. ஆனால் அந்த வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டி, அதற்கு உடலும் குரலும் தந்த அகமது பெஸ்ட் என்ற இளம் நடிகர்மேல் பாய்ந்தது. அக்காலத்தில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள எண்ணிய ஒரு நாள் உண்டு என்று 2018-ல் அவர் வெளியிட்டார். பின்னாளில் வேடராக மாறும் சிறுவன் அனகினாக நடித்த ஜேக் லாயிட், பள்ளித் தோழர்களின் ஏளனத்தால் துன்புற்றதாகச் சொன்னார்; சில வருஷங்களிலேயே நடிப்பையும் விட்டார். அபிமானம் என்ற பெயரால் செய்யப்பட்ட அநீதி இது; எந்த ஏமாற்றமும் இதற்கு நியாயமாகாது.

2005-ல் மூன்றாம் முற்படம் வந்தபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. அந்தத் தடவை படம் சைனீஸ் தியேட்டரில் திரையிடப்படவில்லை. வேறொரு கொட்டகைக்குப் போயிற்று. அப்படியிருந்தும் அபிமானிகள் சைனீஸ் வாசலிலேயே வாரக்கணக்கில் வரிசை நின்றார்கள். படத்துக்காகத் தோன்றிய காத்திருப்பு, படத்தையும் விடுத்துத் தன்னளவிலே ஒரு சம்பிரதாயமாக நிலைபெற்றுவிட்டது.

2012-ல் லூகாஸின் நிறுவனத்தை டிஸ்னி சுமார் 405 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல்களும் சித்திரக்கதைகளும் மூலக்கதையைச் சேர்ந்தவையல்ல, வெறும் புராணங்களே என்று அறிவித்தார்கள். ஒரு தலைமுறை வாசகர் குடியிருந்த வீட்டை ஒரே நாளில் காலி செய்யச் சொன்னது போலாயிற்று அது. 2015 டிசம்பரில் வந்த படம் பழைய முகங்களைக் காட்டி ஆறுதல் தந்தது. 1977-இன் கதையே திரும்ப வந்திருக்கிறதென்ற முணுமுணுப்போடு ஜனங்கள் அதை ஏற்றார்கள். 2017-ல் ரையன் ஜான்சனின் படம் வந்தபோது பழைய இடைவெளி முழுவதும் கணக்குக் கேட்டது. 1983-ல் வெற்றி வீரனாக விடைபெற்ற லூக்கை முப்பத்து நான்கு வருஷம் தத்தம் மனத்தில் வளர்த்து வந்தவர்கள், அவன் தனித்தீவில் ஒளிந்து, நீட்டிய ஒளிவாளைத் தோளுக்குப் பின்னால் விட்டெறிவதைக் கண்டார்கள். துணிவான கலை என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். துரோகம் என்று மற்றொரு சாரார் கொதித்தார்கள். இம்முறையும் வசை ஒரு மனித உயிர்மேல் விழுந்தது: வியட்நாமிய வம்சாவளி நடிகை கெல்லி மேரி டிரான், இன நிந்தையும் பெண் நிந்தையும் பொறுக்கமாட்டாமல் 2018-ல் சமூக ஊடகத்திலிருந்து விலகினார், பின் ஒரு பத்திரிகைக் கட்டுரையின் வாயிலாகத் தலைநிமிர்ந்து பதிலளித்தார்.

இந்தச் சரித்திரத்துக்கு ஆறுதலான ஓர் அத்தியாயமும் உண்டு. 2019 ஏப்ரலில் சிகாகோ நகரில் கூடிய அபிமானிகள் மாநாட்டில், 1999 படத்தின் இருபதாம் வருஷ நிறைவை ஒட்டி அகமது பெஸ்ட் மேடையேறியபோது, சபை முழுவதும் எழுந்து நின்று நெடுநேரம் கரகோஷம் செய்தது. 1999-ல் பத்து வயதாக இருந்தவர்கள் அப்போது முப்பதை எட்டியிருந்தார்கள். அவர்களுக்கு முந்திய இடைவெளி இல்லை. எனவே அந்தக் கோமாளியோடு போட்டியிட அவர்கள் மனத்தில் வேறு கதையும் இருந்ததில்லை. மூத்தோர் நிராகரித்ததே அவர்களுடைய பால்யமாக இருந்தது. இதைப் போலவே, 1980-ல் முடிவற்றதென்று குறை கூறப்பட்ட படத்தைத்தான் இன்று தொடரிலேயே தலைசிறந்ததென்று பெரும்பாலோர் கூறுகிறார்கள்.

ஆகவே, புதிய பாகம் வந்த வாரத்தில் எழும் புகழும் இகழும் அந்தப் படத்தைவிட அதிகமாக, காத்திருந்தவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதையே நமக்கு அறிவிக்கின்றன. கதையைச் சிருஷ்டிக்கிறவர்கள் இதை மதிக்க வேண்டும்; இடைவெளியில் லட்சக்கணக்கான உள்ளங்கள் தம் கதையைக் காப்பாற்றி வைத்திருந்தன என்ற கடன் அவர்களுக்கு உண்டு. ரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மனத்தில் தாம் வளர்த்த கதையை வைத்துக்கொண்டு திரையில் வந்த கதையோடு எவ்வளவு வேண்டுமானாலும் வழக்காடலாம். அது அன்பின் உரிமை. அந்த வழக்கில் நடிகரும் நடிகையும் பிரதிவாதிகள் அல்லர். இவ்விரண்டையும் மறவாத வரையில், வருஷக்கணக்காக முன்பின் அறியாதவர்களை ஒரே வாசலில் தோளோடு தோள் நிற்கவைக்கும் இந்த வழக்கம், நம் காலத்துப் பொதுவாழ்வு ஈன்ற நல்ல சம்பிரதாயங்களுள் ஒன்றாக எண்ணப்படத் தக்கது.