வலி வரவழைத்த கதை



என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண் போன வாரம் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். இப்போது எர்ணாவூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். "டீச்சர், நாள் தாண்டிடுச்சு. திங்கட்கிழமை அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. தானா வர்ற வலியை விட, மருந்து வெச்சு வரவழைக்கிற வலி ரொம்ப மோசம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஹிஸ்டரி டீச்சராச்சே, இதுக்கும் ஏதாவது ஹிஸ்டரி இருக்கா?" என்று கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை. பயத்தை மறைக்கத்தான் அது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து, அவள் அனுமதியோடு இங்கே போடுகிறேன்.

இருக்கிறது கண்ணு. பானிப்பட்டுப் போரைப் பக்கம் பக்கமாக எழுதிய பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை, அவ்வளவுதான்.

நம் ராயபுரத்திலிருந்தே தொடங்குகிறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை என் பாட்டி கடைசி வரை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார். 1782ல் பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் பிறகு மருத்துவமனையாக வளர்ந்தது. சென்ட்ரல் அருகே சத்திரம் கட்டிய சவலை ராமசாமி முதலியாரின் பெயரில்தான் நம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி நிற்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எத்தனை தலைமுறை அங்கே பிறந்திருக்கிறது! இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அங்கேதான் முதல் அழுகை அழுதிருப்பீர்கள்.

அதற்கு முன்பெல்லாம் வீட்டில்தான் பிரசவம். இடுப்பு வலி எடுத்தால் முதலில் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும், பிரசவ வலி என்றால் ஏறும். நாள் தாண்டினால் விளக்கெண்ணெய். மருத்துவச்சி வருவாள். இடுப்பை அமுக்கிவிடுவாள், நடக்கச் சொல்வாள், திட்டுவாள், சிரிக்க வைப்பாள். வீடு நிறையப் பெண்கள் இருப்பார்கள்.

இதைச் சொல்வதால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். அழுக்குக் கையாலும், துருப்பிடித்த கத்தியாலும், ரத்தப்போக்கை நிறுத்த வழி இல்லாமலும் தாயும் பிள்ளையும் செத்துப் போனார்கள். என் அப்பாவைப் பெற்ற பாட்டி அப்படித்தான் போனார். 1844லேயே சென்னையில் அரசு பிரசவ ஆஸ்பத்திரி வந்தது, 1882ல் எழும்பூரில் இப்போதுள்ள இடத்துக்குப் போனது. 1885ல் டஃப்ரின் நிதி, 1903ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நிதி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாற்றியது. அதில் சந்தேகமே இல்லை.

இப்போது மருந்துக்கு வருவோம். 1906ல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேயர், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது என்று கண்டார். 1909ல் பிளேர்-பெல் என்ற மருத்துவர் அதைப் பிரசவத்தில் பயன்படுத்தலாம் என்று எழுதினார். பிறகு உலகம் முழுக்க அந்த ஊசி பரவியது. மொத்த அளவையும் ஒரே ஊசியாகப் போட்டார்கள். இடைவெளியே இல்லாமல் கர்ப்பப்பை இறுகிக்கொண்டது, சிலருக்குக் கிழிந்தே போனது. 1948ல் தியோபால்ட் என்ற மருத்துவர், இதை மிகக் குறைந்த அளவில், தண்ணீராகக் கரைத்து, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும் என்று சொன்னார். இன்று நீங்கள் பார்க்கும் டிரிப்ஸ் அந்த வழியில் வந்ததுதான். 1953ல் அமெரிக்காவில் டு விக்னோ அந்த ஹார்மோனை, அதாவது ஆக்சிடோசினை, ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். 1955ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார்.

சரி, வரவழைத்த வலி ஏன் கூடுதலாகத் தெரிகிறது? தானாக வரும் வலி படிப்படியாக ஏறும். முதலில் இருபது நிமிடத்துக்கு ஒன்று, பிறகு பத்து, பிறகு ஐந்து. உடம்பும் மனதும் அதோடு சேர்ந்து பழகிக்கொள்ளும். டிரிப்ஸில், பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு வலி வரும் வரை மருந்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். மாடிப்படியில் ஏறுவதற்குப் பதில் லிஃப்டில் போய் நாலாவது மாடியில் நிற்கிற மாதிரி. அதற்கும் முன்பு, கர்ப்பப்பை வாய் இளக ஜெல்லோ மாத்திரையோ பலூனோ வைத்துக் காத்திருக்கும் நேரம் ஒரு நாள் கூட ஆகலாம். களைத்துப் போன உடம்பில்தான் வலியே தொடங்கும். கையில் ஊசி, வயிற்றில் பெல்ட் என்று அசையவும் முடியாது.

ஆகவே உனக்கு வலி தாங்கவில்லை என்றால் உனக்குத் தெம்பு இல்லை என்று அர்த்தமில்லை. 1933ல் டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர், பயத்தால் உடம்பு இறுகுகிறது, அதனால்தான் வலி கூடுகிறது என்று எழுதினார். அதில் உண்மை உண்டு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு "நீ பயப்படறதாலதான் வலிக்குது" என்று பெண்ணையே குற்றம் சொல்வது நியாயமில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1978. எனக்கும் பத்து நாள் தாண்டி டிரிப்ஸ் ஏற்றினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான். அம்மா ஃபிளாஸ்கில் வெந்நீரோடு வராந்தாவில் இரவு முழுக்க நின்றார், உள்ளே விடவில்லை. நான் கத்தினேன். "பெத்துக்கணும்னு தெரியுதில்ல, இப்ப எதுக்குக் கத்தறே?" என்று ஒரு குரல். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. விடியற்காலையில் தரை துடைக்க வந்த ஆயா ஒருவர், வாளியை வைத்துவிட்டு, என்னை ஒருக்களிக்கச் சொல்லி, உள்ளங்கையால் என் இடுப்பை அழுத்திப் பிடித்தார். "மூச்சை மெதுவா விடு தாயி, இது போயிடும், அடுத்தது வரட்டும் பாத்துக்கலாம்" என்றார். அரை மணி நேரம் இருந்திருப்பார். மருந்தின் வேகம் குறையவில்லை. ஆனால் என்னால் தாங்க முடிந்தது. அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வந்தபோது மருந்து வந்தது, சுத்தம் வந்தது, கூடவே இருந்த ஆள் மட்டும் வெளியே போனாள். அவளைத் திரும்ப உள்ளே கொண்டுவர நூறு வருடம் ஆனது. 2000களில் தமிழ்நாடு அரசு, பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017ல் மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டு, 26 ஆய்வுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து ஒருவர் உடனிருந்தவர்களுக்கு சிசேரியன் குறைந்திருந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்திருந்தது. 2018ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது. அந்த ஆயாவுக்கு இது எப்போதோ தெரியும்.

அதனால் கண்ணு, திங்கட்கிழமைக்கு முன்பு இதைச் செய்.

உன்னோடு உள்ளே வரப்போவது யார் என்று இன்றே முடிவு செய். பயந்து அழுகிறவர் வேண்டாம், அம்மாவாகவே இருந்தாலும் சரி. எதற்காக வலி வரவழைக்கிறார்கள், எதை வைக்கிறார்கள் என்று டாக்டரிடம் கேள். வலி குறைக்க அங்கே என்ன வசதி இருக்கிறது, முதுகில் போடும் ஊசி உண்டா என்றும் முன்பே கேள். கேட்பது தப்பில்லை, போட்டுக்கொள்வதும் தோல்வியில்லை. 1853ல் விக்டோரியா மகாராணியே குளோரோபார்ம் வாங்கிக்கொண்டார். டிரிப்ஸ் தொடங்கும் வரை நட. பிறகு மல்லாந்தே கிடக்காமல் ஒருக்களித்துப் படுக்கலாமா, உட்காரலாமா என்று கேள். வலி வரும்போது இடுப்பை அழுத்தச் சொல், மூச்சை நீளமாக வெளியே விடு. இடைவெளியே இல்லாமல் வலி தொடர்ந்தால் உடனே நர்ஸிடம் சொல், மருந்தைக் குறைக்க முடியும். வீட்டில் யாராவது விளக்கெண்ணெய் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே.

கத்தத் தோன்றினால் கத்து. யாராவது ஏதாவது சொன்னால், எங்கள் டீச்சர் கத்தச் சொன்னார் என்று சொல்.

இதைப் படிக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. "நாங்க எல்லாம் பெத்துக்கலையா?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு கை இருந்தால் போதும்.

திங்கட்கிழமை இரவு முழுக்க என் போன் பக்கத்திலேயே இருக்கும். நல்ல சேதி வந்ததும் கமெண்ட்டில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஹிஸ்டரி டீச்சர்