ஏழாம் முறை எழுந்த கோயில்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது திருப்போரூர். முருகன் கோயில் என்றதும் குன்றின் உச்சியை நோக்கிப் பழகிய கண்கள் இங்கே தரையைத்தான் பார்க்கவேண்டும். சமநிலத்தில், ஐந்து நிலைக் கோபுரத்தோடு, வள்ளையார் ஓடை என்னும் திருக்குளத்தை அடுத்து நிற்கிறது கந்தசாமி கோயில். பக்கத்திலே பிரணவமலை என்னும் சிறு குன்றும் உண்டு. அதன்மேல் கைலாசநாதரும் பாலாம்பிகையும் எழுந்தருளியுள்ளனர். பெற்றோர் மலைமேலும் பிள்ளை அடிவாரத்திலுமாக அமைந்த ஊர் இது.

போர் நடந்த ஊர் ஆதலால் போரூர் என்பர். யுத்தபுரி, சமரபுரி என்பன வடமொழிப் பெயர்கள். முருகப்பெருமான் அசுரரோடு மூவிடங்களில் பொருதான் என்பது தலவரலாறு. திருச்செந்தூரில் கடற்போர், திருப்பரங்குன்றத்தில் நிலப்போர், திருப்போரூரில் வானில் நின்று தாரகனோடு போர். கடலில் மாயையும், நிலத்தில் கன்மமும், விண்ணில் ஆணவமும் அழிந்தன என்று பெரியோர் இதற்குத் தத்துவப் பொருளும் உரைப்பர். காஞ்சிக் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்திலோ, தாரகன் கிரௌஞ்ச மலையோடு வேலுக்கு இரையாகிறான். நூல் வழக்கு ஒன்று, ஊர் வழக்கு ஒன்று. ஊர் தன் பெயருக்குப் பொருள் தேடிக் கண்ட கதை என்றே இதனைக் கொள்ளலாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இன்று நாம் காணும் கோயிலை எழுப்பியவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிதம்பர சுவாமிகள். பேரூர்ச் சாந்தலிங்க அடிகளின் மாணவர் குமாரதேவர்; அவருடைய மாணவர் இவர். சாந்தலிங்கரின் நூல்களுக்கு உரை கண்ட புலவரும் இவரே. தியானத்தில் மயில் ஒன்று ஆடக் கண்டார் என்றும், குருவின் சொற்படி மதுரை சென்று மீனாட்சியம்மையை வழிபட்டார் என்றும், வடக்கே யுத்தபுரிக்குச் செல்க என அம்மை ஆணையிட்டாள் என்றும் கூறுவர். வந்து பார்த்தால் ஊர் இல்லை, பனங்காடுதான் இருந்தது. அங்கே ஒரு பனையின் அடியில் சுயம்பு மூர்த்தியைக் கண்டெடுத்துக் கோயில் கட்டினார். நோய் தீர்ந்த நன்றிக்கு ஒரு நவாபு நிலம் தந்ததாகவும் ஊரார் சொல்வர். சுவாமிகள் பாடிய திருப்போரூர்ச் சந்நிதி முறை 726 பாடல்கள் கொண்டது. அவர் திருமடம் அருகிலுள்ள கண்ணகப்பட்டில் இருக்கிறது. வைகாசி விசாகத்தில் குருபூசை நடைபெறும்.

கருவறையின் அமைப்பு ஊன்றிப் பார்க்கத்தக்கது. மூலவர் தானே தோன்றிய திருமேனி ஆதலால் அவருக்கு அபிடேகம் இல்லை, புனுகு சாத்துவர். அபிடேகம் ஏற்பது, சுவாமிகள் நிறுவிய சுப்பிரமணிய யந்திரம். அது ஆமை வடிவான பீடத்தின்மேல் அமைந்தது. கண்டெடுத்த மூர்த்தியைத் தேயாமல் காக்கவும் வேண்டும், நாள்வழிபாடும் குறைவின்றி நடக்கவேண்டும். இரண்டும் இவ்வமைப்பால் நிறைவேறுகின்றன.

இத்தலத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. பிரளயத்தால் ஆறு முறை கோயில் அழிந்தது, இன்றிருப்பது ஏழாவது என்பார்கள். நான் வரலாறு கற்பித்த வகுப்புகளில் இதனைச் சொன்னபோதெல்லாம், "ஐயா, அந்த ஆறு கோயிலும் எங்கே?" என்று யாரேனும் ஒரு மாணவன் எழுந்து கேட்பான். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு இழுப்பேன். இடப்புறம் 'கேட்டது', வலப்புறம் 'கண்டது' என்று தலைப்பிடுவேன். ஆறு கோயில்களும் இடப்புறத்திலேயே நிற்கும். வலப்புறத்தில் எழுத ஒன்றும் இராது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பத்தில், அலை மணலை அரித்துச் செல்லவே பாறை ஒன்றில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. திருவிழிச்சில் என்னும் ஊரின் முருகன் கோயிலுக்கு அளித்த கொடைகளை அவை கூறின. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, வடக்கு நோக்கிய கோயில் ஒன்று மணலுக்கடியில் கிடைத்தது. முன்னே கல்லால் ஆன வேல். மேலே பல்லவர் காலக் கற்பணி. அதன் கீழே அதனினும் பழைய செங்கல் கட்டடம். செங்கற்பகுதி சங்க காலத்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. கடலலையால் அழிந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் புதைந்த கோயில் அது என்றும் அவர்கள் கண்டார்கள்.

இதனால் திருப்போரூர்க் கதை மெய்ப்பட்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சாளுவன்குப்பம் வேறு ஊர். அதுவோ அலை மோதும் கரை. திருப்போரூருக்கும் கடலுக்கும் இடையே உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் கிடக்கின்றன. ஆயினும் கந்தன் வீட்டைக் கடல் கொண்டதும், மனிதர் அதை மறுபடி கட்டியதும் இக்கரையில் மெய்யாகவே நிகழ்ந்தவை. அந்த நினைவு தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் தங்கி, அடுத்த ஊரின் புராணத்திலும் கலந்திருத்தல் கூடும். கரும்பலகையில் இடப்புறத்தை அழித்துவிடக் கூடாது என்பது இதனால்தான். என்றேனும் வலப்புறத்தில் ஒரு வரி எழுத நேர்ந்தால், அதற்கு இணையாக வைத்துப் பார்க்க இடப்புறம் இருக்கவேண்டும் அல்லவா?

மாமல்லபுரம் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியரும் சாளுவன்குப்பத்தையும் திருப்போரூரையும் ஒரே நாளில் காட்டலாம். முதலில் மணலுக்கடியில் கிடந்த செங்கல்லைக் காட்டுங்கள். பிறகு விளக்கெரியும் சந்நிதியைக் காட்டி, பனங்காட்டில் நின்ற சிதம்பர சுவாமிகளின் கதையைச் சொல்லுங்கள். இன்னது கேட்டது, இன்னது கண்டது என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டையும் பிள்ளைகள் மறவாமல் வைத்துக்கொள்வார்கள்.