முனிக்கு வைக்கிற சுருட்டும் தம்பி கேட்ட கேள்வியும்

பதிவு கொஞ்சம் நீளம், டீ ஆத்திக்கிட்டே பொறுமையா படிங்க.

போன ஆடி மாசம் முனீஸ்வரர் பூஜைக்கு முன்னாடி நம்ம தொண்டர் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். படையலில் வைக்கிற சுருட்டைப் பற்ற வைக்கலாமா, கூடாதா? நம்ம கேமரன் மலைத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு மாரியம்மன் என்றால் எல்லையில் ஒரு முனி இருப்பார். அவருக்குச் சுருட்டும் சாராயமும் வைப்பது தாத்தா காலத்துப் பழக்கம். அருள் வந்தவர் சுருட்டை வாயில் வைத்துப் புகை விட்டால்தான் வாக்கு சொல்வார். ஆனால் சட்டப்படி வழிபாட்டுத் தலம் புகைபிடிக்கக் கூடாத இடம். 2004 விதிமுறைகளிலேயே அது இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் 852ஆவது சட்டம் வந்தபிறகு பிடி இன்னும் இறுகிவிட்டது. மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது இருபது வயசுத் தம்பி ஒருத்தன் கேட்டான். "அண்ணே, சாமி சுருட்டுக்கே அபராதம்ங்கிறாங்க. பக்கத்துல தாய்லாந்துல கஞ்சாவை கடை போட்டு விக்கிறான். கஞ்சா சிவன் மூலிகைதானே? அதை மட்டும் ஏன் நாம பாவம்ங்கிறோம்?" பெரியவங்க அவனை அதட்டி உட்கார வெச்சிட்டாங்க. எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. பதில் தெரியாததால்தானே அதட்டுகிறோம்? அதனால் தேடிப் படித்தோம்.

முதலில் தாய்லாந்து. 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மூலைக்கு மூலை கடை. வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டில் வேப் கொண்டுபோனால் பிடிப்பார்கள். சில கடற்கரைகளில் சிகரெட்டுக்கும் தடை. ஆனால் தம்பி சொன்னது கொஞ்சம் பழைய செய்தி. 2025 ஜூன் கடைசியில் அங்கேயும் கஞ்சா பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். மூணு வருஷத்தில் ஒரு வட்டம்.

"சிவன் மூலிகை" என்பதற்கும் வரலாறு உண்டு. 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததால் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், ஏழு பாக அறிக்கை. சிவ வழிபாட்டோடு கஞ்சாவுக்கும் பாங்குக்கும் உள்ள தொடர்பை அவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் வடநாட்டுப் பழக்கம். நம்ம தோட்டத்து முனி கேட்டது சுருட்டுதான். முழுத் தடை வேண்டாம், வரி போடுங்கள், கட்டுப்படுத்துங்கள் என்பதே குழுவின் முடிவு. கஞ்சாக் கடை உரிமத்தை ஏலம் விட்டு அரசு காசு பார்த்த காலம் அது.

அதே பிரிட்டிஷ் கொடி பறந்த நேட்டாலில் என்ன நடந்தது தெரியுமா? கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மாட்கள் கஞ்சா வைத்திருக்கவோ புகைக்கவோ கூடாது என்று 1870இலேயே சட்டம். "கூலி" என்று பெயர் சொல்லியே போட்ட சட்டம். ஜமைக்காவில் தடை வந்தது 1913இல். அங்கே இன்றைக்கும் அதற்குப் பேர் "கஞ்சா"தான். கப்பலேறிப் போன நம்மவர்கள் கொண்டுபோன வார்த்தை.

மலாயாவுக்கு வாங்க. இங்கே அபின். 1910இல் அபின் வியாபாரத்தை அரசே கையில் எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்டில் சில வருஷங்கள் அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி அதிலிருந்தே வந்தது. நம்ம மக்களுக்குக் கள்ளுக்கடை. 1929இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை ரொம்ப சகஜம். சம்பளம் வாங்கின கையோடு அங்கேயே விட்டுவிட்டு வரலாம், துரைக்கும் நிம்மதி. சகித்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஊற்றிக் கொடுத்தார்கள்.

தடை வேண்டும் என்று முதலில் கேட்டது யார்? இந்த இடத்தில்தான் எங்களுக்கு மெய்சிலிர்த்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஆர். எச். நாதன் முன்நின்று வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. பால் மரம் சீவுகிற பிள்ளைகள் கள்ளுக்கடை வாசலில் நின்று மறியல் செய்தார்கள். 1947இல் போலீஸ் அடக்குமுறையில் உயிர்ப்பலி வரை போனது. கள்ளு வேண்டாம் என்றதற்காக! நாமும் இன்றைக்குத் தொண்டர் என்றுதான் சட்டையில் போட்டுக்கொள்கிறோம்.

தம்பிக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். நீ கேட்டதில் நியாயம் இருக்கு. எது தடை, எது அனுமதி என்பதைப் பல நேரம் கெடுதல் முடிவு செய்யவில்லை, யார் விற்கிறார்கள் என்பதே முடிவு செய்தது. சிகரெட்டால் சாகிறவர்கள் அதிகம், ஆனாலும் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. 2007 முதல் பிறந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்று கொண்டுவந்த பிரிவையும் 2023இல் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் தாய்லாந்து சட்டம் பாடாங் பெசாரோடு நின்றுவிடும், தம்பி. இங்கே 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டம். கொஞ்சம் கஞ்சா கையில் இருந்தாலே ஐந்து வருஷம் வரை சிறை. 200 கிராம் எட்டினால் கடத்தல் என்றே கருதப்படும். 2023இல் கட்டாயத் தூக்கு போய்விட்டது, தூக்கு போகவில்லை. நீதிபதி அதைத் தவிர்த்தாலும் ஆயுள் சிறை, பிரம்படி. 2018இல் ஷா ஆலமில் நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்தவருக்கே மரண தண்டனை விதித்தார்கள். பிரதமர் மகாதீரே மறுபரிசீலனை வேண்டும் என்றார். சட்டம் மாற வேண்டுமா என்று தாராளமாக வாதாடு, நாங்களும் கேட்கிறோம். ஹாட்ஞாயிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அந்த வாதத்தை வைக்காதே. தோட்டத்துப் பையனுக்கு நல்ல வக்கீல் வைக்கக் காசு எங்கே?

சுருட்டு விஷயத்துக்கு வருவோம். பூஜையன்று தட்டில் தேங்காய், பழத்தோடு சுருட்டும் இருந்தது, பற்ற வைக்கவில்லை. கொழுந்து பறித்த காலத்தில் அட்டை ஏறினால் புகையிலைச் சாற்றைத் துப்பித்தான் எடுப்பாராம், அப்படிப்பட்ட ஒரு பாட்டி கடைசி வரை முணுமுணுத்தார். "பத்த வைக்காத சுருட்ட முனி என்ன பண்ணுவாரு?" அருள் வந்த அண்ணன் சுருட்டைக் கையில் உருட்டியபடியே வாக்கு சொன்னார். சாமி ஒன்றும் கோபிக்கவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. பாட்டிக்கு இன்னும் சந்தேகம்.

வர்ற ஆடிக்கும் இதே ஏற்பாடு. மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் சண்டை போடாமல் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாங்க. அந்தத் தம்பியும் வருவான், இந்த வருஷம் படையல் சாமான் பொறுப்பு அவனிடம்தான்.