வான்னாகிரை தாக்குதல் (2017)

மருத்துவமனைக் கணினி இடர் என்றதும் நோயாளி விவரங்கள் திருடு போவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வேண்டிய நேரத்தில் அந்த விவரங்கள் கைக்கு எட்டாமல் போவது அதைவிடக் கொடியது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்), இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையை முடக்கி இதைக் காட்டியது. அச்சேவையின் 236 நிர்வாக அமைப்புகளில் 80 பாதிக்கப்பட்டன. ஆனால் அந்தத் தீநிரல் நுழைந்தது 34-இல்தான். மீதி 46 அமைப்புகள், பெரும்பாலும் அச்சத்தில் இணைப்பைத் துண்டித்ததாலும் பிறரது முடக்கத்தாலும் தடுமாறின. மருத்துவர்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினர். ஏறத்தாழ 19,000 முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்பது மதிப்பீடு.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளே காரணம் என்று அன்று பரவலாகச் சொல்லப்பட்டது. வசதியான விளக்கம்; உண்மை வேறு. சிக்கியவற்றில் பெரும்பாலானவை அப்போதும் ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். வான்னாகிரை நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, அது நிறுவப்படவில்லை. எம்ஆர்ஐ போன்ற கருவிகளில் உற்பத்தியாளர் அனுமதியின்றி மென்பொருளைத் தொட முடியாதே என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அத்தகைய கருவியைப் பொது வலையமைப்பிலிருந்து பிரித்து, ஃபயர்வாலுக்குப் பின்னால் வைப்பதற்கு எந்த உற்பத்தியாளரின் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.