ஒலிபெருக்கி வளர்த்த கலை: தமிழகத்தில் நட்சத்திரப் பலகுரலின் வரலாறு

சிவாஜியைப் போலவும் எம்.ஜி.ஆரைப் போலவும் மேடையில் பேசிச் சிரிக்கவைக்கும் பலகுரல் கலைக்கு மிகப் பழைய வேர் உண்டென்று சொல்வது வழக்கம். தெருக்கூத்தின் கட்டியங்காரனும் ஊர் ஊராய்த் திரிந்த பகல்வேடக்காரர்களும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறார்கள். அந்த மரபை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் நடித்துக் காட்டியவை அதிகாரி, வணிகர், குறத்தி போன்ற வகைமாதிரிகள். பெயர் சொல்லத்தக்க ஒரே மனிதரின் குரலைப் போலச்செய்ய, அந்தக் குரல் கேட்பவர் காதில் முன்பே பதிந்திருக்க வேண்டும். மதுரைக்காரரும் தருமபுரிக்காரரும் ஒரே குரலை ஒரே வசனத்தோடு அறிந்திருக்கும் நிலை, 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து பேசும்படம் பரவிய பிறகே உண்டாயிற்று. எனவே இக்கலையின் தோற்றத்தைக் கூத்தில் தேடுவதைவிட ஒலிப்பதிவில் தேடுவதே பொருத்தம்.

எந்தக் காட்சிகள் மேடைக்கு வந்தன என்பதே இதற்கு முதற்சான்று. சிவாஜி கணேசன் முந்நூறை நெருங்கும் படங்களில் நடித்தவர். பலகுரல் கலைஞர்களோ ‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றத்துக்கும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) ஜாக்சன் துரையிடம் மோதும் இடத்துக்குமே திரும்பத் திரும்ப வந்தார்கள். ‘முதல் மரியாதை’யில் (1985) அவர் அடக்கிப் பேசிய பேச்சை மேடையில் கேட்பது அரிது. நடிப்பின் தரம் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. முன்னவை வசனப் புத்தகமாக விற்றன, இசைத்தட்டாகச் சுழன்றன, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் வானொலி ஒலிச்சித்திரத்திலும் முழங்கின. திரை இல்லாமலே மனப்பாடமான வசனங்கள் அவை. ‘இரத்தக் கண்ணீர்’ (1954) எம்.ஆர்.ராதாவின் கரகரப்புக்கும் இதே கதைதான். கேட்பவருக்கு மூலம் தெரியும் என்பதால்தான் கலைஞர் அதிலிருந்து எவ்வளவு விலகினார், எதைக் கூட்டினார் என்று அளந்து சிரிக்க முடிந்தது.

இது வெறும் நகல், இதில் படைப்பென்று என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு எம்.ஜி.ஆர். குரலே விடை தருகிறது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது, குரல் மாறிப்போயிற்று. அதன் பின்னும் அவர் தம் குரலிலேயே பேசி நடித்தார். ‘நாடோடி மன்னன்’ (1958) காலத்துத் தெளிந்த குரலும் திரையில் இருக்கத்தான் செய்கிறது. இருந்தும் மேடை பெரும்பாலும் தேர்ந்துகொண்டது குண்டடிபட்ட குரலையே. 1977 முதல் 1987 வரை முதலமைச்சரின் குரலாகப் பொதுக்கூட்டங்களில் மக்கள் கேட்டது அதைத்தான். ஒரு மனிதரின் நெடிய வாழ்விலிருந்து ஒரு கூறைப் பிரித்தெடுத்து, அதையே அவருடைய அடையாளமாக நிறுத்துவதை நகல் என்று தள்ளிவிட முடியாது. அது கேலிச்சித்திரக்காரர் செய்யும் தேர்வு. ஆறாத காயத்தை நகைச்சுவையாக்கியதில் ஒரு கொடுமையும் உண்டு. அவருடைய ரசிகர்களே கைதட்டியதால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

1980களில் ஒலிநாடா வந்தபோது இக்கலைக்கே சொந்தச் சரக்கு கிடைத்தது. மயில்சாமியும் லட்சுமணனும் பேசிய ‘சிரிப்போ சிரிப்பு’ தேநீர்க்கடை வரை சென்றது. கேரளத்தில் வளர்ச்சி வேறுவிதம்: கொச்சி கலாபவன் 1981இல் தொடங்கிய ‘மிமிக்ஸ் பரேடு’ அதைக் குழுக்கலையாக்கியது, சித்திக், லால் போன்றோர் அங்கிருந்து சினிமாவுக்குப் போனார்கள். இங்கே அது பெரிதும் தனியாள் கலையாகவே நீடித்து, 2005இல் விஜய் டிவியின் ‘கலக்கப் போவது யாரு’ வழியே வீடுகளுக்குள் நுழைந்தது. தொலைக்காட்சி குரலைக் கொன்று உடலசைவை அமர்த்திவிட்டது என்பார்கள். நடையும் தலைமுடிக் கோதலும் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அசைவு பிசகினாலும் குரல் சரியாக இருந்தால் அரங்கம் ஏற்கிறது. குரல் பிசகினால் ஒப்பனை காப்பாற்றுவதில்லை. தொலைக்காட்சியால் நேர்ந்த மெய்யான இழப்பு வேறொன்று. அலைவரிசைகள் பல கட்சிச் சார்போடு இயங்கியதால், ஊர் மேடையில் தாராளமாக ஒலித்த அரசியல் தலைவர்களின் குரல்கள் அங்கே சுருங்கின. நடிகர் குரல்களே பாதுகாப்பான சரக்காயின.

ஒலிப்பதிவால் உருவான கலைக்கு ஒலிப்பதிவே முதன்மை ஆவணம். பழைய திரைப்பட இசைத்தட்டுகளுக்குக் காட்டும் அக்கறையை நம் ஆய்வு நூலகங்கள் 1980களின் சிரிப்பு நாடாக்களுக்கும் காட்ட வேண்டும்.