நிழலைத் தேடிச் செல்லும் பயணிகள்

சுற்றுலா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன யாவை? தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரச் சிற்பங்கள், உதகையின் குளிர். இவை இன்று சென்றாலும் இருக்கும். அடுத்த ஆண்டு சென்றாலும் இருக்கும். ஆனால் சில நிமிடங்களே நீடிக்கும் ஒரு காட்சிக்காகக் கடல் கடந்து செல்லும் பயணிகளும் உண்டு. அவர்கள் தேடிச் செல்வது நிலவின் நிழலை!

பறவை காண்போர், மலையேறுவோர், சிகிச்சைக்காகச் செல்வோர் என்று சுற்றுலாத் தொழில் இன்று பல தனிக் கிளைகளாகப் பிரிந்துவிட்டது. கிரகணச் சுற்றுலாவும் அத்தகைய கிளைகளுள் ஒன்று. அதன் கதை இயற்பியலின் கதையோடு பின்னிக்கிடப்பதைக் காண்போம்.

ஏன் பயணம் செய்ய வேண்டும்?

முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலவின் கருநிழல் பூமியின்மீது ஒரு குறுகிய பாதையில் ஓடுகிறது. குறிப்பிட்ட ஓர் ஊருக்கு அது மீண்டும் வர, சராசரியாக ஏறத்தாழ 375 ஆண்டுகள் ஆகும். ஆகவே நிழல் நம்மிடம் வரும்வரை காத்திருக்க இயலாது. நாம்தான் அதனிடம் செல்ல வேண்டும்.

"எங்கள் ஊரில் 99 விழுக்காடு மறைகிறதே, போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். சூரியன் முழுநிலவைப்போல் ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு ஒளி தருகிறது. மறையாத 1 விழுக்காடே 4,000 முழுநிலவுகளுக்குச் சமம். அந்த ஒளியில் கொரோனா எனப்படும் சூரியனின் வெளி ஒளிமகுடம் தெரியாது. கடைசிக் கீற்றும் மறைந்தால்தான் அது வெளிப்படும்.

வழிகாட்டிய படம்

நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டி அறிந்தால்தானே பயணம்? 1715-ஆம் ஆண்டு மே 3 அன்று இங்கிலாந்தில் நிகழ்ந்த முழுக் கிரகணத்தின் பாதையை, எட்மண்ட் ஹாலி நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு கணித்து, முன்னதாகவே படமாக வரைந்து வெளியிட்டார். நேரத்தில் ஏற்பட்ட பிழை ஏறத்தாழ 4 நிமிடங்களே. பயண நிறுவனங்கள் இன்று விற்கும் கிரகணப் படங்களுக்கு அதுவே முன்னோடி எனலாம்.

1868 ஆகஸ்ட் 18-இல் நிழல் இந்தியாவைக் கடந்தது. பிரெஞ்சு வானியலார் ஜான்சென் குண்டூருக்கு வந்து சூரியப் பிழம்புகளின் நிறமாலையை ஆராய்ந்தார். அந்தக் காலத்து ஆய்வுகள்தாம் ஹீலியம் என்ற தனிமத்தை அறிய வழிவகுத்தன. அதே கிரகணத்திற்காகச் சென்னை வான்நோக்கு நிலையத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு குழுவுடன் வனபர்த்திக்குச் சென்றார். 1870 டிசம்பரில் பாரிஸ் நகரம் முற்றுகையில் இருந்தபோது, ஜான்சென் பலூனில் ஏறித் தப்பி, கிரகணம் காண அல்ஜீரியாவின் ஓரானுக்குச் சென்றார். அங்கே மேகம் சூரியனை மறைத்துவிட்டது! அவர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு நம் நீலகிரிக்கு வந்து வெற்றி கண்டார்.

கப்பலும் விமானமும்

அறிஞர்களைத் தொடர்ந்து ஆர்வலர்களும் புறப்பட்டனர். 1896-இல் பிரிட்டிஷ் வானியல் கழகத்தினர் கப்பலில் நார்வே சென்றனர். அங்கும் மேகமே எதிர்கொண்டது. 1970-களில் கிரகணத்திற்கென்றே சுற்றுலாக் கப்பல்கள் விடப்பட்டன. 1973 ஜூன் 30 அன்று, தரையில் அதிக அளவாக 7 நிமிடங்களே நீடித்த கிரகணத்தைக் கான்கார்ட் விமானத்தில் சென்ற ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க வானில் 74 நிமிடங்கள் கண்டனர். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் நிழலோடு நிழலாகப் பறந்ததால் இது இயன்றது.

2009 ஜூலை 22-இல் பீகாரின் தாரேகனாவில் ஆயிரக்கணக்கானோர் கூடினர், மேகம் ஏமாற்றியது. அன்று தில்லியிலிருந்து தனி விமானத்தில் சென்றவர்களோ மேகத்துக்கு மேலிருந்து கிரகணத்தைக் கண்டனர். சூரியன் தெரியும் பக்கத்து இருக்கைகளுக்கு விலை கூடுதல்! 2017-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்ற சிற்றூர் பயணிகளால் நிரம்பி வழிந்தது. வறண்ட, மேகம் குறைந்த வானமே அதன் மூலதனம். நிழலின் நேரத்தை விநாடி சுத்தமாகச் சொல்லலாம். மேகத்தை மட்டும் எந்த நிறுவனமும் உறுதி செய்ய முடியாது.

வாசலுக்கு வந்த விருந்தாளி

உலகம் இவ்வாறு நிழலைத் துரத்த, நாம் என்ன செய்தோம்? 1980 பிப்ரவரி 16-இல் கர்நாடகம் முதல் ஒரிசா வரை நிழல் ஓடியபோது, நம் நாட்டின் பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. 1995 அக்டோபரில் நிலைமை மாறியது. ஏறத்தாழ ஒரு நிமிடக் காட்சிக்காக இராஜஸ்தானிலும் வங்காளத்திலும் மக்கள் திரண்டனர்.

ஆனால் மாற்றம் முழுமையன்று. 2019 டிசம்பர் 26-இல் கங்கண கிரகணம் எங்கள் மாவட்டத்தின்மீதே வந்தது. கல்லூரித் திடலுக்கு மாணவர்களை அழைத்தேன், பாதிப்பேர் வரவில்லை. "வீட்டில் விடவில்லை, சார்" என்றனர். வாயிற்காவலர் மட்டும் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். பாதுகாப்பு வடிகட்டிக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தவர், "அட, வளையல் மாதிரியே இருக்குதே!" என்றார். கங்கணம் என்ற சொல்லின் பொருளை அவர் வானத்திலேயே படித்துவிட்டார்.

அந்தக் காட்சியைக் காண மற்றவர்கள் எவ்வளவோ செலவிட்டு ஊர்விட்டு ஊர் செல்கிறார்கள். நமக்கு அது வாசலிலேயே கிடைத்தது. விமானக் கட்டணம் எல்லோருக்கும் எட்டாது. கிரகணக் கணக்கு எல்லோருக்கும் எட்டும். தக்க வடிகட்டியோ, அட்டையில் இட்ட ஊசித்துளை வழியே விழும் பிம்பமோ போதும். நிழல் அடுத்த முறை உங்கள் ஊர்ப்பக்கம் வரும்போது, கதவைச் சாத்தாதீர்கள். அடுத்த வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.